தொண்டைமண்டலத்தின் பெயர் தாங்கிய நோய்

ஒரு நாட்டின் பெயர் அதன் நெல்லாலோ கல்வியாலோ உலகில் வழங்குமாயின் அந்நாட்டார் பெருமை கொள்வர். நமது தொண்டைமண்டலத்தின் பெயரோ 2020 ஆம் வருஷத்தில் ஒரு வியாதிக்குச் சூட்டப்பட்டது. 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்று புதுச்சேரி ஜிப்மர் வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டனர். தொண்டைமண்டலத்தின் நடுவே வாழும் செங்கற்பட்டு ஜில்லாவார் இதனை அயலூர்ச் செய்தியென்று தள்ளிவிடுதல் தகாது.

நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுப்பதை யாவரும் அறிவர். இந்நோயோ அவ்விரண்டும் இல்லாதவரையே பிடிக்கிறது. வலியில்லை, ஆரம்பத்தில் வீக்கமும் இல்லை. களைப்பென்று எண்ணி வயலுக்குப் போய்க்கொண்டிருப்பவர், ஆஸ்பத்திரிக்கு வரும்போது சிறுநீரகம் பெரும்பாலும் அழிந்திருக்கும். பிறகு வாழ்நாள் முழுதும் டயாலிஸிஸ். கூலி போயிற்று, குடும்பமும் கடனில் மூழ்கிற்று.

எல் ஸால்வடார், நிகராகுவா தேசங்களின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் அநுராதபுரப் பகுதியிலும், ஆந்திரத்தின் உத்தானத்திலும் இதே கதைதான். நமது மாகாணத்தில் 2023 ஆம் வருஷத்தில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஐவருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தெரிந்த காரணம் எதுவுமில்லை. உப்பளத் தொழிலாளரிடம் ஸ்ரீ ராமச்சந்திரா கழகத்தார் நடத்திய ஆராய்ச்சியிலும் வெயிலின் தீங்கு புலப்பட்டது. கேளம்பாக்கம் முதல் செய்யூர் வரை நமது கரையிலும் உப்பளங்கள் உண்டு என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

காரணம் யாதென்று பண்டிதர்கள் இன்னும் வாதிக்கின்றனர். கடும் வெயிலில் நீரின்றி நாள்தோறும் உழைப்பது முதற் சந்தேகம். பூச்சிமருந்து, கிணற்று நீர், வலி மாத்திரை ஆகியவையும் சந்தேகிக்கப்படுகின்றன. நியாயஸ்தலத்தில் ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது விதி. இங்கே குற்றம் சாட்டப்பட்டது வெயிலும் வேலை முறையும். தண்டனை அடைந்திருப்பவரோ தொழிலாளர். ஆகவே ஐயத்தின் பயன் தொழிலாளருக்கே சேரவேண்டும். தீர்ப்பு வரும்வரை தாகத்தை ஒத்திவைக்க முடியாது. தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் முறையாக அளித்த மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் சிறுநீரகக் கேடு குறைந்ததாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

1948 ஆம் வருஷத்திய பாக்டரிச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குக் குடிநீர் வைக்க விதித்தது. சுவரும் கூரையுமில்லாத நெல்வயலுக்கு அவ்விதி எட்டவில்லை. 2024 ஆம் வருஷத்தில் மாகாண ஸர்க்கார் வெப்ப அலையைப் பேரிடரென அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லக்ஷ ரூபாய் நிச்சயித்தது. நல்லதே. ஆனால் ஒரே நாளில் கொல்லும் வெயிலுக்கு விலையுண்டு, பத்து வருஷத்தில் கொல்லும் வெயிலுக்கு விலையில்லை என்பது என்ன நியாயம்?

மே மாதம் முதல் தேதி தொழிலாளர் தினம். கிராம சபை கூடும் தினமுமாகும். அக்கினி நக்ஷத்திரமும் அப்போதே நெருங்குகிறது. தேசபக்தியுள்ள நம் வாலிபர்கள் அச்சபைகளில் மூன்று தீர்மானங்களைக் கொணர்வாராக: நடுப்பகலில் வேலை நிறுத்தி, அதற்காகக் கூலியில் பிடித்தமின்மை; வயலோரத்திலும் உப்பளத்திலும் நிழற்பந்தலும் நல்ல தண்ணீரும்; ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம், சிறுநீர்ச் சோதனை. இவை தர்மமாகக் கேட்பவையல்ல. சோறிடுவோர் உரிமையாகக் கேட்பவை.