படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாத்ரூம்

வீடு கட்டப் பிளான் போடும்போது முதலில் ஹாலை அளக்கிறோம். அடுத்து பூஜையறை, சமையலறை, படுக்கையறை. எல்லாம் முடிந்த பிறகுதான் பாத்ரூம் நினைவுக்கு வருகிறது. அதற்குள் வாஸ்து பார்ப்பவர் ஈசானிய மூலையும் கன்னி மூலையும் கழிப்பறைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மிச்சம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தளத்தின் உயரம் 10 அடி என்றால், திரும்பி ஏறும் படியின் நடு மேடை 5 அடியில் வரும். கான்கிரீட்டின் கனம் போக, கீழே நாலரை அடி மிஞ்சும். தேசியக் கட்டட விதித் தொகுப்பு கேட்பதோ 2.1 மீட்டர், ஏறக்குறைய 7 அடி. மேஸ்திரி அசரமாட்டார். "தரையை ரெண்டடி இறக்கிடலாம் சார்" என்பார். இறக்கினால் தலை ஓரளவு தப்பும், வேறு தொல்லை ஆரம்பிக்கும். கழிவுநீர்க் குழாய் தெருப் பக்கம் வாட்டமாகப் போக வேண்டும். பாத்ரூம் தரையே பள்ளத்தில் கிடந்தால் வாட்டத்துக்கு எங்கே போவது? ஐப்பசி அடைமழையில் தெருத் தொட்டி நிரம்பும் அன்று, போனதெல்லாம் திரும்பி வரும்.

கதவு இன்னொரு கோணல். கழிப்பறை நேராகச் சமையலறைக்குள் திறக்கக் கூடாது என்கிறது அதே விதித் தொகுப்பு. அடுக்ககங்களில் சுவரில்லாத சமையலறை மோஸ்தரான பிறகு, ஹாலில் திறந்தாலும் அடுப்பங்கரையில் திறந்த மாதிரிதான். விருந்தாளி எழுந்து உள்ளே போனதும் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். பாவம், வேறென்ன செய்வது?

இதற்கெல்லாம் ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத் தெரு வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு சந்து. மலம் அள்ளும்படி சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் வாசல் வழியே வந்துவிடக் கூடாது என்பதற்காக விட்ட சந்து அது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதைச் சட்டம் தடை செய்ததே 1993-இல்தான். செப்டிக் டேங்கும் ஃப்ளஷ்ஷும் வந்து கழிப்பறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதை ஒதுக்கிவைக்கும் மனசும் கொல்லையிலிருந்து கூடவே வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் எட்டடி ஹாலுக்குப் போதாது என்று பதறுகிறவர்கள் பாத்ரூமுக்கு நாலடியே தாராளம் என்கிறார்கள்.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் உள்பக்கம் திறக்கும் கதவு வைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கீலை மாற்றச் சொன்னால், நடைவழி அடைபடும் என்கிறார்கள். அடைபடட்டுமே!

சுவர் எழும்பும் முன்னால், தரையில் சாக்பீஸால் பாத்ரூமை வரையச் சொல்லுங்கள். கம்மோடு வரும் இடத்தில், அதன் நடுவிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமாவது விட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு, வீட்டிலேயே பருமனானவரை உட்காரவையுங்கள். முழங்கால் கதவில் இடிக்கிறதா? கோட்டை அழித்துத் தள்ளிப் போடுங்கள். அன்றைக்கு ஆகும் செலவு அரை சாக்பீஸ்.