விட்டிலும் துண்டுச் சீட்டும்

1855 டிசம்பரில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், போர்னியோத் தீவில் உள்ள சரவாக்கின் மலை ஒன்றில் இருந்த சிறு மரவீட்டில் தங்கினார். வெள்ளையடித்த வராந்தாவில் விளக்கைச் சுவரோரம் வைத்துவிட்டு, கையில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வார். விட்டில்கள் தாமாக வந்து சேரும். 26 இரவுகளில் 1,386 பிடித்தார். அவற்றில் 800க்கும் மேற்பட்டவை நான்கே இரவுகளில் சிக்கியவை. அந்த நான்கும் மழை கொட்டிய கும்மிருட்டு இரவுகள். இது நமக்குத் தெரியவருவதற்குக் காரணம், அவர் ஒவ்வொரு இரவின் எண்ணிக்கையோடு வானிலையையும் எழுதி வைத்ததுதான். வெறும் பூச்சிகளை மட்டும் கொண்டுபோயிருந்தால் அவை அழகான குப்பை.

போர்னியோ விட்டில்களின் கதை முழுக்க இப்படிப்பட்ட குறிப்புகளின் கதைதான். பிடித்த பூச்சியை ஊசியில் குத்தி, இறக்கையை விரித்துக் காயவைத்து, அதே ஊசியில் ஒரு துண்டுச் சீட்டையும் செருகுவார்கள். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். புதிய இனம் என்று யாராவது அறிவித்தால், அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரே ஒரு பூச்சி மூல மாதிரியாகக் குறிக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும். பின்னாளில் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் நிறையவே வரும். இறக்கையின் கோலத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ஒரே இனத்து ஆணும் பெண்ணும் அடையாளமே தெரியாமல் வேறுபடும். இரண்டு தனி இனங்கள் அச்சு அசலாக ஒத்திருக்கும். அதனால் வயிற்றுப் பகுதியைக் கழற்றி, காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, உள்ளிருக்கும் இனப்பெருக்க உறுப்பின் கடினப் பாகங்களை உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். இனத்துக்கு இனம் அந்த வடிவம் பெரும்பாலும் மாறும். இப்போது காலில் ஒன்றைக் கிள்ளி மரபணுவையும் படிக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளப் போர்னியோவரை போக வேண்டியதில்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் செம்பனைத் தோட்டங்களில் ஓலையைத் தின்னும் பைப்புழுவும் விட்டில் குடும்பம்தான். ஓலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் ஒட்டி, சுமார் ஒரு செ.மீ. நீளத்தில் பை கட்டி அதற்குள்ளேயே வாழும். மெட்டிசா பிளானா இனத்தின் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. ஆண் பறந்து தேடி வர, பையை விட்டு வெளியேறாமலே முட்டையிட்டுச் சாகும். இறக்கையே இல்லாததை இறக்கை பார்த்து எப்படி வகைப்படுத்துவது? பையைப் பார்க்கலாம். கூட்டுப்புழுப் பருவத்தில் மெட்டிசா பை ஓலையடியில் குட்டையான கொக்கிப் பிடிப்பில் தொங்கும். டெரோமா பெண்டுலா என்ற இன்னொரு பைப்புழு இனத்தின் பையோ நீளமான ஒற்றை நூலில் ஊசலாடும். மலேசியச் சட்டம் 2013இல் பைப்புழுவை ஆபத்தான பயிர்ப்பகையாக அறிவித்தது.

விட்டில்களை வகைப்படுத்தும் இந்தத் துறைக்குத் தோட்டத்து உறவு பழையது. பிரிட்டிஷ் இந்திய விட்டில்களை நான்கு தொகுதிகளில் (1892–96) வகைப்படுத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தவர். தேயிலையைவிட விட்டில்தான் அவரை அதிகம் இழுத்திருக்க வேண்டும்!

போர்னியோவுக்கு அப்படியொரு ஆள் ஜெரமி ஹாலோவே. 1965இல் கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவோடு கினபாலு மலைக்குப் போய், வெவ்வேறு உயரங்களில் விளக்குப்பொறி வைத்தார். பிறகு 'போர்னியோவின் விட்டில்கள்' வரிசையை எழுதத் தொடங்கி 1983 முதல் 2011 வரை 18 பாகங்கள் கொண்டுவந்தார். இப்படிப் பெயர் சூட்டிப் பட்டியல் போடுவதை மட்டமாகப் பார்க்கும் விஞ்ஞானிகள் உண்டு. அவர்களுக்கான பதில் 2007இல் கிடைத்தது. தைவான் ஆய்வாளர் ஐ-சிங் சென் குழுவினர், அதே மலையில், பழைய குறிப்புகள் சொன்ன அதே இடங்களில் மறுபடி பொறி வைத்தார்கள். முழம் போட்டு நடக்கும் புழுக்களின் குடும்பத்தில் 102 இனங்களை ஒப்பிட்டார்கள். 42 ஆண்டுகளில் அவை சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. வெப்பம் கூடக் கூடக் குளிர்ச்சியைத் தேடிப் போகின்றன. கினபாலுவின் உச்சி 4,095 மீட்டரில் முடிந்துவிடும்.

அந்த 67 மீட்டர், பழைய சீட்டுகளில் எழுதியிருந்த உயரத்திலிருந்து வந்த கணக்கு. அடுத்தமுறை உங்கள் வீட்டு விளக்கடியில் தெரியாத விட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தால், துடைப்பத்தை எடுக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.