தொட்டால் திட்டாத காட்சிச்சாலை

நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் விடுமுறை என்றால் ஊருக்குப் போவது, இல்லாவிட்டால் ஜுஹூ கடற்கரை, ராணி பாக். இந்தப் பட்டியலில் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். வொர்லியில் உள்ள நேரு அறிவியல் மையத்தைச் சொல்கிறேன். கூடவே, அங்கே குழந்தைகளை எப்படி அழைத்துப் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது என் சொந்த அனுபவம்.

ரெயில்வேயில் சேர்ந்த டிப்ளமா எஞ்சினீயர் நான். முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1996-ல், அவனை முதல் முறையாக அங்கே கூட்டிப் போனேன். ஒவ்வொரு கருவியின் முன்னும் நிறுத்தி, "இதைக் கவனி, இதன் தத்துவம் என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன். அவன் கை நீட்டினால், "இரு, முதலில் கேள்" என்றேன். மூன்று மணி நேரம் இப்படியே போயிற்று. வீடு திரும்பும்போது ரயிலில் அவன் சொன்னான்: "அப்பா, அடுத்த தடவை நான் அம்மாவோட வரேன்." அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. அவன் பின்னாளில் வணிகம் படித்து நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் அந்த ஒரு வரி முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

சென்ற விடுமுறைக்கு எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும் செம்பூர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "அவங்க கேட்டாத்தான் நீங்க வாயைத் திறக்கணும்."

இந்த மையத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977-ல் ஒளியும் பார்வையும் பற்றிய ஒரு கண்காட்சியாக இது தொடங்கியது. உலகக் குழந்தைகள் ஆண்டான 1979-ல் திறந்தவெளி அறிவியல் பூங்கா வந்தது. முழு மையத்தையும் 1985 நவம்பர் 11-ஆம் தேதி அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இயற்பியல் அறிஞர் பிராங்க் ஆப்பன்ஹைமர் 1969-ல் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' போல, இங்கும் பொருள்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. தொட வேண்டும், இழுக்க வேண்டும், சுழற்ற வேண்டும்.

பூங்காவில் நுழைந்ததும் பழைய நீராவி எஞ்சினைக் கண்டு எனக்குக் கால் நின்றுவிட்டது. குழந்தைகளோ அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊஞ்சல் பக்கம் ஓடினார்கள். நிபந்தனை நினைவுக்கு வரவே நானும் பேசாமல் பின்னால் போனேன்.

அங்கே ஊஞ்சல்களின் கயிறுகள் வெவ்வேறு நீளம். குட்டைக் கயிற்று ஊஞ்சல் வேகமாகப் போய் வந்தது. நீளக் கயிறு நிதானமாக ஆடியது. "தாத்தா, நீங்க குண்டு, நீங்க ஏறினா மெதுவாப் போகுமா?" என்றாள் பேத்தி. "ஏறிப் பார்த்துடலாமே" என்றேன். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான் வந்தது. எடை எதுவானாலும் நேரம் மாறுவதில்லை, நீளம்தான் கணக்கு என்பதை நான் சொல்லாமலே அவள் கண்டுகொண்டாள். "இதுக்குத் தமிழில் ஊசல் என்று பேர்" என்று மட்டும் சொன்னேன். "ஊஞ்சல், ஊசல்!" என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பலகைகளில் விளக்கம் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழுக்கு அங்கே நாம்தான் பலகை.

அடுத்தது கப்பி. நம் ஊர்க் கிணற்றில் நாம் நாள் தவறாமல் பிடித்த கப்பியை இந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. பல கப்பிகள் கோத்த கயிற்றைப் பேரன் இழுத்தான். அவனால் அசைக்கவே முடியாது என்று நினைத்த பளு மேலே வந்தது. "நான் ஸ்ட்ராங்!" என்று கத்தினான். பளுவை நான்கு இழைக் கயிறு தாங்கினால் நமக்கு நாலில் ஒரு பங்கு பலம் போதும். ஆனால் பளுவை ஒரு மீட்டர் தூக்க நான்கு மீட்டர் கயிறு இழுத்தாக வேண்டும். எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒற்றை ஆள் செயின் கப்பியால் பெரும் பாரத்தைத் தூக்குவதும் இதே கணக்குதான். இயற்கையிடம் தள்ளுபடி உண்டு, இலவசம் கிடையாது.

பிறகு இரண்டு பெரிய குழிந்த தட்டுகள். தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றின் முன் பேரன் ரகசியம் பேச, மற்றதன் முன் நின்ற பேத்திக்குத் தெளிவாகக் கேட்டது. சிதறிப் போகும் ஒலியை ஒரு தட்டு நேர்க்கோட்டில் அனுப்புகிறது, மற்றது அதை வாங்கி ஒரே புள்ளியில் குவிக்கிறது. மாடியில் உள்ள டி.வி. டிஷ்ஷும் வானிலிருந்து வரும் அலையை இப்படித்தான் குவிக்கிறது.

உள்ளே கண்ணாடிகளின் முன் வந்தோம். பேத்தி தன் பெயர் எழுதிய காகிதத்தைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, கண்ணாடி வலது இடதை மாத்துது. ஏன் மேல் கீழை மாத்தலை?"

நான் திகைத்தேன். மகனிடமானால் எதையாவது அடித்து விட்டிருப்பேன். அன்று, "தெரியலையே கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை, ஒரு பெருமைதான் தெரிந்தது. தாத்தாவுக்கே தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டாள் அல்லவா!

விடை கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. கண்ணாடி வலது இடதை மாற்றுவதே இல்லை. ஜன்னல் பக்கத்துக் கையைத் தூக்கினால் பிம்பமும் ஜன்னல் பக்கத்துக் கையையே தூக்குகிறது. கண்ணாடி மாற்றுவது முன்னையும் பின்னையும் மட்டுமே. காகிதத்தைக் கண்ணாடிக்குக் காட்ட நாம்தான் அதைப் பக்கவாட்டில் திருப்புகிறோம். பக்கவாட்டில் திருப்பாமல் மேலிருந்து கீழாகப் புரட்டிக் காட்டினால், எழுத்து தலைகீழாகத் தெரியும், வலது இடது மாறாது. எழுதிய பிளாஸ்டிக் தாளைத் திருப்பாமல் பிடித்தால் கண்ணாடியிலும் நேராகவே படிக்கலாம். இதைக் குளியலறைக் கண்ணாடி முன் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து பார்த்தோம். திருப்பியது கண்ணாடியல்ல, நாம்தான்!

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். செம்பூர்க்காரர்கள் குர்லா, தாதர் வழியாக மஹாலக்ஷ்மி வரலாம். மாட்டுங்காவிலிருந்து தாதரில் மாறினால் போதும். தாராவியிலிருந்து இப்போது இன்னும் சுலபம்: 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்த மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் 'சயன்ஸ் சென்டர்' நிலையத்திலேயே இறங்கலாம். வெயில் ஏறும் முன் பூங்காவை முடித்துவிட்டு உள்ளே போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். குழந்தை ஒரே கருவியில் அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும். பலகையை நீங்கள் படியுங்கள், கருவியை அவர்கள் தொடட்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நூலில் சாவியைக் கட்டி ஆட விடுங்கள். நூல் 25 சென்டிமீட்டர் இருந்தால் பத்து முறை போய் வர ஏறக்குறைய பத்து வினாடி. ஒரு மீட்டர் என்றால் இருபது வினாடி. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. குழந்தைகளே கடிகாரம் பார்த்துக் கணக்குச் சொல்வார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போக மகன் வந்தபோது, பேத்தி கண்ணாடிக் கதையை அவனிடம் சொன்னாள். "தாத்தாவே தெரியலைன்னு சொன்னாரா?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, அடுத்த தடவை நானும் வரேன்" என்றான்.

முப்பது வருடம் கழித்து வந்த அந்த அடுத்த தடவைக்குத் தேதி குறித்தாயிற்று. நீங்களும் ஒரு தேதி குறியுங்கள்.