சாமையை விற்கும் கணக்கு யாருடையது?

திருப்பத்தூர் மாவட்டத்தின் சவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவிக்கின்றனர். தேன், புளி, கடுக்காய் சேகரிக்கின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருள்களின் மீது வனவாழ் மக்களுக்கு உடைமையுரிமை அளிக்கிறது. அவற்றைப் பதப்படுத்தவும் காட்டுக்கு வெளியே கொண்டுசென்று விற்கவும் உள்ள உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் தெளிவாக்கின. எனினும், வாங்குபவரை நேரில் அறியாதவரை அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்; விலையை இடைத்தரகரே தீர்மானிப்பார்.

இவ்விடைவெளியைச் சமூக ஊடகம் குறைக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு தளத்தின் இயல்பும் வேறு. வாட்ஸ்அப் பிசினஸ், முன்பே வாங்கியவருக்கு விலைப்பட்டியல் அனுப்பவும் மறுமுறை ஆர்டர் பெறவும் உகந்தது. குரல் பதிவு இருப்பதால் எழுத்தறிவின்மை தடையாகாது. புதியவர்களை அது தேடித் தராது. அப்பணிக்கு முகநூலும் இன்ஸ்டாகிராமின் குறுங்காணொளிகளும் உதவும். யூடியூப் காணொளியோ ஆண்டுகள் கடந்தும் தேடுவோர் கண்ணில் படும். சாமையின் உமி நீக்கும் முறையை விளக்க அதுவே ஏற்றது.

சிறு குழுவுக்கு இரண்டு தளங்கள் போதும்: அறிமுகத்திற்கு ஒன்று, விற்பனைக்கு வாட்ஸ்அப். பழங்குடியினர் பிறர் பக்கங்களில் காட்சிப்பொருளாக, வருவாய் அப்பிறரைச் சேர்வது பழைய சுரண்டலின் புதிய வடிவமே. எனவே கடவுச்சொல், பணம் சேரும் வங்கிக் கணக்கு, விலை நிர்ணயம் ஆகிய மூன்றும் உழைக்கும் பெண்கள் உள்ளிட்ட உற்பத்தியாளர் குழுவின் கையிலேயே இருத்தல் வேண்டும்.