தொழிற்சாலை நிலத்தின் மறுவாழ்வு

தொழிற்சாலைகள் மூடப்பட்ட பின்னர் நகரங்களின் நடுவே எஞ்சிக் கிடக்கும் நிலத்தை என்ன செய்வது என்பது பல நாடுகள் எதிர்நோக்கும் கேள்வியாகும். பழைய கட்டிடங்களை இடித்து, மாடிவீடுகளை எழுப்பி விற்பதே இலகுவான வழியாகக் கருதப்படுகின்றது. எனினும் வேறொரு வழியும் உண்டென்பதை சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் உள்ள ஹமர்பி ஏரிக்கரை உணர்த்துகின்றது.

சிறு பட்டறைகளும் களஞ்சியங்களும் நிறைந்திருந்த அப்பகுதியின் மண்ணில் எண்ணெயும் பார உலோகங்களும் ஊறிப்போயிருந்தன. 2004 ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் எதிர்பார்ப்புடன் 1990களில் அங்கு திட்டம் வகுக்கப்பட்டது. 1997இல் அவ்வாய்ப்பு ஏதென்ஸ் நகருக்குச் சென்றபோதிலும் திட்டம் கைவிடப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளுடன் ஒப்பிடுகையில், சுற்றாடல் பாதிப்பைப் பாதியாகக் குறைப்பதே அதன் இலக்காக இருந்தது.

இதற்கென நீர், கழிவு, சக்தி ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் இணைக்கப்பட்டன. வீடுகளில் சேரும் குப்பை நிலத்தடிக் குழாய்கள் வழியே காற்றின் விசையால் உறிஞ்சப்படுகின்றது. எரிக்கத்தக்க கழிவிலிருந்து மின்சாரமும் வெப்பமும் பெறப்படுகின்றன. கழிவுநீரின் அடிமண்டியிலிருந்து உயிர்வாயு கிடைக்கின்றது. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரில் எஞ்சிய வெப்பம்கூட வீடுகளைச் சூடாக்கப் பயன்படுகின்றது. குடியேற்றம் ஆரம்பமாகிய காலத்திலேயே, 2002இல், ட்ராம் சேவையும் அங்கு நீடிக்கப்பட்டது. சொந்த வாகனத்தில் செல்லும் பழக்கம் வேரூன்றுமுன் மாற்றுவழி கைக்கெட்டியமை இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆயினும் குறைகளையும் நாம் மறைக்கலாகாது. ஏரியை நோக்கிய பெரிய கண்ணாடி யன்னல்களால் வெப்பம் வீணாகியது. பல கட்டிடங்கள் இலக்கை விஞ்சிய சக்தியை நுகர்ந்தன. இலக்குகள் ஆவணத்தில் இருந்தனவேயன்றி, கட்டிட நிறுவனங்களை இறுகப் பிணைக்கவில்லை. இதனை உணர்ந்த மாநகர நிர்வாகம், பழைய எரிவாயு ஆலை அமைந்திருந்த வடகிழக்குப் பகுதியைப் பின்னர் மீளமைத்தபோது, நிபந்தனைகளையும் கண்காணிப்பையும் கடுமையாக்கியது.

மற்றொரு குறை மேலும் பாரதூரமானது. பட்டறை நடத்தியோர் அகற்றப்பட்ட அந்த ஏரிக்கரை, பெரிதும் வசதிபடைத்தோரின் குடியிருப்பாக மாறியது. மண்ணைச் சுத்திகரிப்பதற்கும் குழாய்களைப் பதிப்பதற்கும் பொறியியல் அறிவு போதுமானது. ஆனால், புத்துயிர் பெறும் நிலத்தில் யாருக்கு இடமுண்டு என்பதைத் தீர்மானிப்பது அரசியல் உறுதிப்பாடே. அக்கேள்விக்கு முதலிலேயே விடை காணாத எந்தத் திட்டத்தையும் நிலைபேறான அபிவிருத்தி என அழைப்பது பொருந்தாது என்பதே நமது கருத்தாகும்.