குரைக்கும் மான்

மான் குரைக்குமா? குரைக்கும்! இங்கிலாந்தின் நாட்டுப்புறப் புதர்களில் வாழும் முன்ட்ஜாக் என்னும் சிறு மான், ஆபத்தை உணர்ந்தால் நாயைப் போலவே திரும்பத் திரும்பக் குரைக்கும். தென்கிழக்குச் சீனாவும் தைவானும் இதன் தாயகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வோபர்ன் பூங்காவிலிருந்து வெளியேறிப் பரவியது. உயரம் சுமார் அரை மீட்டர்தான்.

சுடப்பட்ட பறவையைத் தேடி எடுத்துவரும் ஸ்பேனியல் போன்ற வேட்டைத் துணை நாய்கள், முட்புதருக்குள் நுழையும்போது இதைச் சந்திப்பதுண்டு. மான் பெரும்பாலும் ஓடிவிடும். தப்ப வழியில்லாத ஆண் மானோ எதிர்த்து நிற்கும். அதன் குட்டைக் கொம்பைவிட மேல்தாடைக் கோரைப்பற்களே ஆபத்தானவை. அவை கத்திபோல் நாயின் தோலைக் கிழித்துவிடும்.

புல்லும் இலையும் தின்னும் மானுக்குக் கோரைப்பல் எதற்கு? ஒப்பிட்டுப் பாருங்கள். புள்ளிமானுக்குக் கிளைத்த கொம்பு உண்டு. நீண்ட கோரைப்பல் இல்லை. சீன நீர்மானுக்குக் கொம்பே இல்லை, கோரைப்பல் நீண்டது. முன்ட்ஜாக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆண் மான்கள் தமக்குள் சண்டையிடும்போது கொம்பால் தள்ளும், பல்லால் கீறும். அதே ஆயுதம்தான் நாயின்மீதும் பாய்கிறது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் கேளையாடு இதன் நெருங்கிய உறவினமே. அங்கே குரைப்பொலி கேட்டால், நாய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுத்தை அருகில் இருக்கிறது என்னும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்!