புல்தைலம்: பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த புதிதில் சாலைக் கடைத்தெருவில் ஒரு சிறு புட்டி புல்தைலம் வாங்கினேன். தரை துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் வீடே எலுமிச்சை மணக்கும் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லியிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "தைலம்தானே!" என்று அதைப் பேரனின் காலில் கொசு கடித்த இடங்களில் அப்படியே தேய்த்துவிட்டார். சற்று நேரத்தில் எரிகிறது என்று பையன் அழ ஆரம்பித்தான். மறுநாள் கால் சிவந்து சிறு கொப்புளங்கள். தோல் மருத்துவரிடம் ஓடினோம். ஆறுவதற்குப் பத்து நாளாயிற்று. தவறு அம்மாவுடையது அல்ல. விவரம் சொல்லாமல் புட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த என்னுடையது.

சொல் ஒன்று, பொருள் இரண்டு. தைலம் என்ற சொல் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்பதிலிருந்து வந்தது. வைத்தியர் தரும் தைலம் பெரும்பாலும் மூலிகைகளை நல்லெண்ணெய் போன்ற எண்ணெயில் காய்ச்சியது, உடம்பில் தேய்க்கலாம். புல்தைலமோ இஞ்சிப்புல்லை ஆவியில் வடித்து எடுக்கும் சாரம். நூறு கிலோ பச்சைப் புல்லில் அரைக் கிலோ கிடைத்தாலே அதிகம். அவ்வளவு செறிவு! இப்புல்லை ஆராய்வதற்கென்றே 1951-இல் எறணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

இதன் மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்ற பொருள். நல்ல தைலத்தில் இது நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை உண்டு. சிலருக்கு இதுவே ஒவ்வாமை தரும். ஐரோப்பாவில் பூசி விடும் கிரீம்களில் 0.001 சதவீதத்துக்கு மேல் சிட்ரால் இருந்தாலே லேபிலில் பெயர் போட வேண்டும் என்பது விதி. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சோப்பு, சென்ட் ஆகியவற்றில் உள்ள சிறிதளவும் தொல்லை தரலாம்.

எனவே, பயன்படுத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. தரை துடைக்க விற்பதைத் தோலில் தொடாதீர்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

2. தூய தைலமானாலும் நேரடியாகப் பூசக் கூடாது. இரண்டு தேக்கரண்டி (10 மி.லி.) தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு போதும். முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

3. தண்ணீரில் இது கரையாது. குளிக்கும் வாளியில் விட்டால் மேலே மிதந்து, அப்படியே தோலில் ஒட்டும்.

4. கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடுங்கள்.

5. சிறு குழந்தைகளுக்கும், புண், கரப்பான் உள்ள தோலுக்கும் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

6. கறுப்புக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெயில் படாமல் வையுங்கள். காற்றுப்பட்டுப் பழசான தைலம் தோலை இன்னும் உறுத்தும்.

தவறிப் பட்டுவிட்டால் முதலில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் புல்தைலம் உண்டு. மேல் தட்டில், "தரைக்கு மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து பெரியவர்கள் வரும் வீடுகளில் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.